துவச்சல் அறைச் சுவர்

4 மார்ச் 2024, திங்கள்

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு போர் பைப்பில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு ஓடினால், ஏழே முக்கால் பஸ் என் கண்ணெதிரே போகிறது. யூனியன் ஆபீஸுக்கு இருபது நிமிடம் தாமதம். பி.டி.ஓ. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

தபாலைப் பிரித்தால் முதல் கடிதமே தலையில் இடி. ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் பழைய கத்தி கம்பெனியை இடித்துவிட்டு அங்கே சந்தை வளாகம் கட்ட வேண்டுமாம். அதற்குக் கருத்துரு தயார் செய்ய வேண்டுமாம். யார் தயார் செய்வது? பிரிவு உதவியாளர். பிரிவு உதவியாளர் யார்? நான்தான்.

பக்கத்து மேசை நிர்மலாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சுங்க்கா. அந்தப் பாழடஞ்ச கட்டடத்தத் தாண்டிப் போறதுக்கே பயமா இருக்குது" என்றாள். அவள் என்ன செய்வாள், அவளுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

5 மார்ச்

எழுதினாலாவது ஆறுகிறதா பார்ப்போம்.

என் அண்ணன் மாது அந்தக் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை செய்தான். துவச்சல் அறையில், அப்பாவோடு. பழுக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கி இறுக வைக்கிற இடம் அது. 1989 நவம்பர் 17ஆம் தேதி ஏதோ வேலையாகச் சாணைக் கொட்டகைக்குப் போனான். சுற்றிக்கொண்டிருந்த சாணைக்கல் வெடித்துவிட்டது. அவனுக்கு வயது பத்தொன்பது. எனக்குப் பதினொன்று.

"இவன் எங்கள் வேலையாள் இல்லை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பையன்" என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அந்தத் தாளில் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டவர் என் அப்பா சென்னப்பன். போடாமல் இருந்தால் அவர் வேலையும் போயிருக்கும், நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? முப்பத்தைந்து வருடமாக அந்த முள் அப்படியே இருக்கிறது. அம்மா சாகிறவரைக்கும் அவரிடம் "சோறு போடட்டா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாதுவின் படம் எங்களிடம் இல்லை. இருந்த ஒன்றையும் அம்மா குழியில் அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டாள். கம்பெனியை மூடியபோது ரிஜிஸ்டர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போனது. போகாமல் இருந்தாலும் அதில் அவன் பெயர் இருந்திருக்காது.

அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு ஒரே சாட்சி துவச்சல் அறைச் சுவர். புதிதாகச் சேர்ந்தவன் எண்ணெயில் துவைக்கிற முதல் கத்தி எப்படியும் கோணிக்கொண்டு போகுமாம். அதைத் தூக்கிப்போட விடமாட்டார்கள். அதன் நுனியாலேயே, எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்த சுவரில், தன் பெயரையும் சேர்ந்த தேதியையும் அவன் கீற வேண்டும். எழுதத் தெரியாதவன் ஒரு கோழியோ சூலமோ போடுவான். கீறின பிறகுதான் அவனுக்கு டீ. முதலாளி ரிஜிஸ்டரில் ஏறாதவன்கூட இந்தச் சுவரில் ஏறியிருப்பான்.

அதைத்தான் இடிக்கப் போகிறார்கள். கருத்துருவை நான் எழுத வேண்டும்.

10 மார்ச், ஞாயிறு

அரசாங்க ஊழியரான நான் மனுப் போட முடியாது. அப்பா பெயரில் எழுதினேன். இரட்டைக்கிளி முத்திரைக் கத்தி 1953 முதல் இங்கேதான் செய்யப்பட்டது, சுவரில் தொழிலாளர் பெயர்கள் இருக்கின்றன, கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாகக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கம். சம்மட்டிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது போய்ப் பல வருடம் ஆகிறது. கத்திக் கத்திப் படித்துக் காட்டினேன்.

மாது பெயர் வந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டார்.

"அவன் பேர எடுத்துடு ஆத்தா."

"எதுக்கு? அவன் பேருக்குத்தான இவ்வளவும்?"

"நான் அன்னிக்கு வேற மாதிரி எழுதிக் குடுத்தவன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மாத்திச் சொல்றது?"

சண்டை போடத்தான் வாய் வந்தது. எழுபத்தொன்பது வயது மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? வேறு தாள் எடுத்து, மாது இல்லாமல் எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

19 மார்ச், செவ்வாய்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அப்பா கொடுத்த மனு, எங்கெங்கோ சுற்றி, "தக்க நடவடிக்கைக்கு" என்ற பச்சை மைக் குறிப்போடு என் மேசைக்கே வந்துவிட்டது. நான் எழுதிய மனுவை நானே பெற்று, நானே எண் போட்டு, நானே பதில் எழுத வேண்டும். சிரிப்பதா அழுவதா?

சென்னையில் பழைய கட்டடங்களைப் பார்வையிடும் குழுவுக்கு அனுப்பலாம் என்று குறிப்பு வைத்தேன். பி.டி.ஓ. படிக்காமலே ஒப்பம் போட்டார். மனுஷன் எதையுமே படிப்பதில்லை. இன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

2 ஏப்ரல்

தேர்தல் வேலை. எல்லா ஃபைலும் தூங்குகிறது. ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன், விடிகிறபோது விடியட்டும்.

24 ஜூன், திங்கள்

விடிந்துவிட்டது! ஜூலை 9ஆம் தேதி அருள்குமார் என்ற அதிகாரி சென்னையிலிருந்து நேரில் பார்க்க வருகிறார். கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நிர்மலா, "என்னங்க்கா, புரமோசனா?" என்றாள்.

சாயங்காலம் கம்பெனிக்குப் போனேன். முள்ளுச் செடி இடுப்பளவு. துவச்சல் அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கத்தி எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறது என்பதை இருட்டில்தான் பார்க்க முடியுமாம். "வெளிச்சத்துல இரும்பு பொய் சொல்லும்" என்பார் அப்பா. போனில் படம் எடுத்தேன். ஃபிளாஷ் போட்டால் ஒரே பளபளப்பு, போடாவிட்டால் ஒரே கறுப்பு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும்தான் கீறல் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன், ஆடி ஆடி எதுவும் விளங்கவில்லை.

ஆனால் கண்ணால் பார்த்துவிட்டேன். என் தோள் உயரத்தில், "மாது 12.6.87". ஏழின் வால் கீழே சறுக்கிப் போயிருக்கிறது. கத்தி வழுக்கியிருக்கும். பக்கத்தில் யாராவது சிரித்திருப்பார்கள்.

படம் போனால் போகிறது. அந்த அதிகாரி நல்ல கேமராவோடு வருவார்.

8 ஜூலை, திங்கள்

நாளைக்கு வருகிறார். இடுப்பளவு முள்ளைத் தாண்டி எந்த அதிகாரி உள்ளே போவார்? அப்பாவிடமும், அவரோடு வேலை செய்த ராஜாமணி மாமாவிடமும் பச்சியப்பன் மாமாவிடமும் சொன்னேன்: "செடிய வெட்டி, வௌவால் எச்சத்தக் கூட்டி, எடத்தக் கொஞ்சம் சுத்தமா வெச்சிருங்க." மூன்று பேருக்கும் கல்யாண வீட்டு வேலை கிடைத்த மாதிரி முகம். விடியற்காலையில் போகிறார்களாம்.

9 ஜூலை, செவ்வாய்

பாவி. பாவிங்க. என்ன காரியம் செஞ்சி வெச்சிட்டாங்க.

பதினொன்றரைக்கு ஜீப்பில் வந்து இறங்கினோம். வாசலில் கோலம். அறைக்குள்ளே நுழைந்தால் சுண்ணாம்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது. அருள்குமார் டார்ச் அடித்தார். நாலு சுவரும் வெள்ளை. பளீர் என்று, பொங்கலுக்கு அடித்த மாட்டுக் கொட்டகை மாதிரி. காய்ந்தும் காயாமலும் இருந்தது. அப்பா மூலையில் நிற்கிறார், தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளைப் புள்ளி. கையில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டை. முகத்தில் என்ன பெருமை! ராஜாமணி மாமா அதிகாரிக்குக் கும்பிடு போட்டு, "நேத்து வரைக்கும் ஒரே கரிங்க சார். இப்ப பாருங்க" என்கிறார்.

அருள்குமார் நல்ல மனிதர்தான். "பேரெல்லாம் இருக்குன்னு மனுவில இருந்துச்சே, எங்கேம்மா?" என்று கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன்.

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். இளநீர் குடித்தார். போய்விட்டார்.

10 ஜூலை

இன்று காலையில் தாங்க முடியாமல் அப்பாவிடம் கத்திவிட்டேன். உங்களுக்கு அறிவே இல்லையா, அவன் பேர ரெண்டு தடவ அழிச்சிட்டீங்களே, அன்னிக்குப் பேனாவால, இன்னிக்கு மட்டையால என்று. சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அழிக்கல ஆத்தா. பேரு உள்ளதான் இருக்குது. கரி அண்டுன கட்டடத்தப் பார்த்தா பெரிய ஆபீசருங்க இடின்னுதான் சொல்லுவாங்க. செவுரு நின்னாத்தான பேரு நிக்கும்? நின்னுச்சுன்னா அப்பறம் கழுவிக்கலாம்னு நெனச்சன். அவன் பேரு மேல மட்டும் வேற யாரயும் அடிக்க விடல. நானேதான் அடிச்சன்."

சுத்தமாக வையுங்கள் என்று சொன்ன வாய் என் வாய்தானே? நல்ல படம் எடுக்காமல் வந்தவளும் நான்தானே? பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். குரங்கைப் பிடித்து வைத்தது இந்த எழிலரசிதான்.

14 ஜூலை, ஞாயிறு

ஈரத் துணியோடு இரண்டு பேரும் போனோம். ஒரு மூலையில், பெயர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துத் துடைத்தேன். சுண்ணாம்போடு கரியும் சேர்ந்து குழம்பாக வழிகிறது. அப்பா என் கையைப் பிடித்துவிட்டார். "போதும். தொடாத."

27 ஆகஸ்ட், செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. மூன்று பக்கம். கடைசிப் பத்தி: "அண்மையில் புதுப்பிக்கப்பட்டுள்ளதால் பழைமைக்கான தடயங்கள் காணப்படவில்லை. பாதுகாக்கப் பரிந்துரைக்க இயலவில்லை."

புதுப்பிக்கப்பட்டுள்ளதாம். மூன்று கிழவர்கள், ஒரு சட்டி சுண்ணாம்பு.

13 செப்டம்பர், வெள்ளி

இடிப்பு ஆணையை டைப் அடிக்கச் சொன்னார்கள். வேண்டுமென்றே சர்வே எண்ணைத் தப்பாக அடித்தேன். அரை நாள் கிடைத்தது. மறுபடி ஒரு தேதியைத் தப்பாக அடித்தேன். "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று பி.டி.ஓ. கேட்டார். சரியில்லைங்க சார் என்றேன். நிர்மலாவை அடிக்கச் சொல்லிவிட்டார். அவள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள், ஒரு பிழை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "என்னாச்சு?" காது கேட்காதவரிடம் கெட்ட செய்தி சொல்வது பெரிய தண்டனை. இரண்டு தரம் கத்த வேண்டியிருக்கிறது.

16 அக்டோபர், புதன்

மூன்று நாளாக மழை. மத்தியானம் அப்பா குடைகூட இல்லாமல் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். சொட்டச் சொட்ட. ஆபீஸ் பக்கம் வராதவர். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"வா" என்றார். அவ்வளவுதான். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

எப்படி எழுதுவேன் இதை!

எண்ணெய்ப் புகை ஏறின சுவரில் சுண்ணாம்பு ஒட்டவே ஒட்டாதாம். ஈரம் ஏறினதும் அப்பளம் அப்பளமாக உதிர்ந்து தரையெல்லாம் கிடக்கிறது. கத்தி கீறின இடத்தில் மட்டும், அங்கே புகை மேலாகத்தான் ஏறியிருக்கும், பள்ளத்தில் சொரசொரப்பான காரைதானே, அதில் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. கறுப்புச் சுவரில் வெள்ளை எழுத்து. டார்ச்சே வேண்டாம். வாசலில் நின்றே படிக்கலாம். சென்னப்பன் 1968. ராஜாமணி. பச்சியப்பன். கோழிகள். சூலங்கள். ஒரு ரயில் இன்ஜின்கூட இருக்கிறது! நூற்று எண்பத்தேழு எண்ணினேன்.

மாது 12.6.87. ஏழின் வாலோடு.

படம் எடுத்தேன். கை ஆடவில்லை. எல்லாம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கிறது. அப்பா அவன் பெயரைத் தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

17 அக்டோபர்

அருள்குமாருக்குப் படங்களை அனுப்பி, போன் செய்தேன். போனிலேயே நாலைந்து பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "அன்னைக்கே இப்படி இருந்திருந்தா இந்தச் சுவரை நானே விட்டிருக்க மாட்டேனேம்மா" என்றார். அறிக்கை போய்விட்டது, மறுபடி வர வேண்டுமென்றால் எங்கள் ஆபீஸிலிருந்து கேட்டு எழுத வேண்டும் என்றார்.

பி.டி.ஓ.விடம் போய் நின்றேன். படத்தைக் காட்டினேன். இதையாவது பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்குது" என்றார். "ஆனா டெண்டர் முடிஞ்சுபோச்சே. இப்ப வந்து நிறுத்துன்னா என் தலைதான் உருளும். கண் கெட்ட பொறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன ஆவப்போவுது?"

அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் நன்றாகத் தூங்கலாம்.

30 அக்டோபர்

தீபாவளிக்கு முந்தின நாள். எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

7 நவம்பர், வியாழன்

இன்று இடித்தார்கள்.

ஆபீஸ் சார்பில் நான் போக வேண்டியதில்லை. அப்பாவுக்காகப் போனேன். கான்ட்ராக்டர் ஆட்கள், எங்கள் ஓவர்சீயர், வேடிக்கை பார்க்க சந்தைக்காரர்கள், ஒரு முப்பது பேர் இருக்கும். பன்னிரண்டு மணிக்குள் சாணைக் கொட்டகை போய்விட்டது. அடுத்து துவச்சல் அறை. கூரையை எடுத்ததும் முதல்முறையாக அந்தச் சுவரில் வெயில் விழுந்தது. எழுத்தெல்லாம் எட்டத்திலிருந்தே தெரிந்தது.

அப்பா நேராகப் போய் ஜேசிபிக்கு முன்னால் நின்றார். ஓட்டுநர் சவுரியப்பன், ஐம்பது வயது இருக்கும், இன்ஜினை நிறுத்திவிட்டு, "பெரியவரே, தள்ளிக்கங்க. அடிகிடி பட்டுடும்" என்றார்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "அந்தச் செவுத்துல எம் பையன் பேரு இருக்குது. மாது. இங்க வேல செஞ்சான். ரெண்டு வருசம் எங்கூட வேல செஞ்சான். சோறு கொண்டாந்தவன் இல்ல. வேல செஞ்சவன். நாந்தான் பொய்க் கையெழுத்துப் போட்டன்."

முப்பது பேரும் நின்றுவிட்டார்கள். நானும்தான்.

சவுரியப்பன் இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். "எந்தப் பேருங்க?" என்று கேட்டார். அப்பா காட்டினார். "சாப்ட்டுட்டு வந்து பாக்கறங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விட்டார். ஒருவர் சோறு தின்ன அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. இரண்டரை மணிக்குக் கான்ட்ராக்டர் போன் மேல் போன் போட்டார்.

ஒரே தள்ளுதான். காரை பொடிப்பொடியாகப் போயிற்று. எடுத்து வர ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

மாதுவின் நாள்.

நான்கு நாள் முன்பு அப்பா என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனது எதற்கென்று எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது. காலையில் பார்த்தால், இடித்த இடத்தைச் சுற்றி அடித்த தகரத்தில் ஆறடி நீளத்தில் ஒரு பேனர். ஆள் படம் இருக்க வேண்டிய வட்டத்தில் சுவரின் படம். கடைக்காரப் பெண் பூவிழி, போட்டோ இல்லாமல் எப்படி என்று கேட்டாளாம். "இதாம்மா அவன் போட்டோ" என்றாராம்.

கீழே அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தது:

35ஆம் ஆண்டு நினைவஞ்சலி. செ. மாது, துவச்சல் தொழிலாளி, இரட்டைக்கிளி கத்தி கம்பெனி. வேலைக்குச் சேர்ந்தது 12.6.87. வேலையில் இறந்தது 17.11.89. இப்படிக்கு, அப்பா.

ராஜாமணி மாமா மாலை போட்டார். சந்தைக்கு வந்த செல்லம்மாள் என்கிற கீரைக்காரம்மா நின்று படிக்கச் சொல்லிக் கேட்டு, "அடப் பாவமே, வேலையிலயே போய்ட்டானா" என்றாள். அப்பா தலையை ஆட்டினார்.

22 நவம்பர், வெள்ளி

பி.டி.ஓ. கூப்பிட்டார். வேலை நடக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் பேனர் இருக்கிறதாம், மேலிருந்து கேட்டார்களாம். "உங்கப்பான்னு தெரியுதும்மா. எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது. ஆனா நோட்டீஸ் குடுத்துத்தான் ஆவணும். நீங்களே அடிச்சிக் கொண்டாங்க."

அடித்தேன். இந்தத் தடவை ஒரு பிழை இல்லை.

"பார்வையில் காணும் இடத்தில், மேற்படி கத்தி கம்பெனியில் 12.6.1987 முதல் தொழிலாளியாகப் பணிபுரிந்து, 17.11.1989 அன்று பணியின்போது உயிரிழந்த மாது என்பாருக்கு, அன்னாரது தந்தை திரு. சென்னப்பன் வைத்துள்ள நினைவுப் பலகையை மூன்று நாட்களுக்குள் அகற்றிக்கொள்ள இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது."

ஃபைல் எண், தேதி, அனுப்புநர், பெறுநர், எல்லாம் சரியாக. மேசையில் வைத்தேன். படிக்காமல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நிர்மலா அலுவலக முத்திரையைக் குத்தினாள். குத்தும்போது படித்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, கேட்காமலே, இன்னொரு நகலிலும் குத்திக் கொடுத்தாள்.

சாயங்காலம் நானே கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். கத்திப் படித்தேன். "அதத் திருப்பிப் படி" என்றார். படித்தேன். "கவர்மெண்டு முத்திரைதான இது?" ஆமாம் என்றேன். "யாராச்சும் மாத்த முடியுமா?" ஃபைலில் ஏறியாச்சுப்பா, முடியாது என்றேன்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, முழுப்பெயரையும் போட்டார். நோட்டீஸை நாலாக மடித்து அம்மாவின் படத்துக்குப் பின்னால் செருகினார்.

"பேனர நாளைக்கு நானே போய்க் கழட்டிடறன்" என்றார்.